தோட்டத்து மருந்துச்சாலையும் நம் பிள்ளைகளின் தொழிலும்

நோய் தீர்க்கும் தொழிலுக்கு அங்கங்கள் நான்கு என்பது வள்ளுவர் வகுத்த கணக்கு. நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிலேயே நின்று பணிவிடை செய்பவர் ஒருவர். இந்த நாலாமவருக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. பக்கத்தில் நிற்பவன் என்பது அச்சொல்லின் கருத்து. வைத்தியரைப் புகழாத ஊர் இல்லை. மருந்தைப் புகழ விளம்பரங்கள் இருக்கின்றன. நோயாளியின் பெருமையை நோயாளியே போதிய அளவு பேசிக்கொள்கிறார். நாலாமவரைப் பற்றிப் பேசுவார்தாம் அதிகம் இல்லை.

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இந்த நாலாமவருக்கு வள்ளுவர் எண்ணியதைவிடப் பெரிய பாரம் விழுந்திருக்கிறது. வைத்தியர் மலைக்கு அப்பால் பட்டணத்தில் இருக்கிறார். ஆகவே இரண்டாமவரின் வேலையில் ஒரு பங்கையும் நாலாமவரே சுமக்க வேண்டியதாயிற்று. தோட்ட வைத்திய உதவியாளர், மருத்துவிச்சி, குடும்பநல உத்தியோகத்தர், தாதி என்று பல பெயர்களில் வழங்கும் இவர்களுடைய தொழிலைப் பற்றியும், இத்தொழிலை நாடும் நம் பிள்ளைகள் எதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியும் இன்று ஆராய்வோம்.

தனித்து நிற்கும் மருந்துச்சாலைகள்

நுவரெலியாப் பக்கத்தில் மலை மலையாகத் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் அமைப்பு வேறு. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுப்பிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளிலே ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே சிங்களக் கிராமங்கள் உண்டு, வயல்கள் உண்டு, ஆறுகள் உண்டு, இரத்தினக் கல் அகழும் குழிகளும் உண்டு. மேட்டில் தேயிலை, சரிவில் ரப்பர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்கின்றன.

மக்கள் சிதறியிருப்பதுபோல் அவர்களுடைய மருந்துச்சாலைகளும் சிதறியிருக்கின்றன. இரண்டு அறைகள், ஒரு வாங்கு, ஒரு மருந்து அலுமாரி, சுவரில் ஒரு நாட்காட்டி. அங்கே உட்கார்ந்திருப்பவரைத் தோட்டத்தார் 'டாக்டர் ஐயா' என்று அழைப்பார்கள். அவர் டாக்டர் அல்லர் என்பது அவருக்கும் தெரியும், அழைப்பவர்களுக்கும் தெரியும். ஆயினும் இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் கதவைத் தட்ட வேறு வீடு இல்லாதபோது, அந்தப் பெயரை மக்கள் மனமாரத்தான் கொடுக்கிறார்கள்.

அவர் எதிர்கொள்ளும் நோய்களும் எளியவை அல்ல. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பாம்புக் கடி, கொழுந்து பறிப்பவர்களுக்கு அட்டைக் கடியும் குளவிக் கொட்டும், கர்ப்பிணிகளுக்கு இரத்தச் சோகை, மழைக் காலத்தில் டெங்கு. இவற்றுக்கெல்லாம் மேலாக எலிக்காய்ச்சல். இலங்கையில் எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் முன்வரிசையில் நிற்பவை. சேற்றிலும் தேங்கிய நீரிலும் காலூன்றி வேலை செய்பவரை அது பிடிக்கிறது. ஆரம்பத்தில் அது சாதாரணக் காய்ச்சல்போலவே தோன்றும். கெண்டைக்காலில் வலி, கண்ணில் சிவப்பு, சிறுநீர் குறைதல் என்னும் அடையாளங்களைக் கவனியாது இரண்டு நாள் கடத்தினால், சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதுபடும். காலத்தில் கண்டுகொண்டால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளே உயிரைக் காக்கும். அந்த இரண்டு நாளும் பெரும்பாலும் நம் நாலாமவரின் கையில் இருக்கின்றன.

ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம்

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்ப்போம். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் நோயால் மடிந்த தொகை அரசாங்கத்தை அசைத்தது. 1872ஆம் ஆண்டில் தோட்ட மாவட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. அது பல முறை திருத்தப்பட்டு 1912ஆம் ஆண்டில் புது உருவம் பெற்றது. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருப்பதும், நோயுற்றவர்களை அறிந்து கவனிப்பதும், நோய் கடுமையானால் மாவட்ட வைத்திய அதிகாரிக்குச் சொல்லியனுப்புவதும், பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுப்பதும் தோட்டத் துரையின் கடமைகளாயின. துரை மருந்து கலக்கத் தெரிந்தவரா? இல்லை. ஆகவே மருந்து கலக்கத் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று.

அத்தகையவர்கள் நாட்டில் இருக்கவே செய்தார்கள். 1870ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிய வைத்தியப் பாடசாலை டாக்டர்களோடு 'அப்போத்திக்கரி'மாரையும் பயிற்றியது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூல்களையும் ஆக்கியிருந்தார். இவ்வாறு வைத்தியக் கல்வி பரவிய யாழ்ப்பாணத்திலிருந்து பிற்காலத்தில் பலர் தோட்டங்களுக்கு வந்து, கிளாக்கர்மாரோடு ஒருவராக டிஸ்பென்சர் உத்தியோகமும் பார்த்தனர்.

பெரிய சோதனைகள் வந்தபோது இவர்களின் உழைப்பு வெளிப்பட்டது. 1916ஆம் ஆண்டில் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பமாயிற்று. பூச்சி மருந்து கொடுப்பதோடு அந்த வேலை முடியாது. மலகூடம் கட்டச் செய்ய வேண்டும், மக்களை அதைப் பயன்படுத்தச் செய்ய வேண்டும். அவர்களோடு அன்றாடம் பழகுகிறவர் இல்லாமல் அது எப்படி நடக்கும்?

1934ஆம் ஆண்டின் இறுதியிலும் 1935ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்போம். மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, படுகைகளில் குட்டை குட்டையாக நீர் தேங்கியதால் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்கள் மாண்டன. மிகவும் அடிபட்ட பகுதிகளில் கேகாலை மாவட்டம் ஒன்று. கிராமம் கிராமமாகக் கொயினாவும் உணவும் சுமந்து சென்ற தொண்டர்களில் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவும் என். எம். பெரேராவும் இருந்தார்கள். அந்த நாட்களின் நன்றியோடு ருவான்வெல்ல மக்கள் 1936ஆம் ஆண்டில் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள் என்பது சரித்திரம். அதே மலேரியாவை இலங்கை முற்றாக ஒழித்துவிட்டது என்று 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்த எண்பது வருட வெற்றியில், வீடு வீடாகச் சென்று இரத்தத் துளி எடுத்தவர்களுக்கும், மருந்து விழுங்கும்வரை எதிரில் நின்றவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பெயரைப் பொறித்த கல்வெட்டுகளை அதிகம் காண முடியாது.

சங்கிலி தளர்ந்த இடம்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. தோட்டச் சமூகநலத்துக்கென ஒரு நிதியம் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இன்று அது வழங்குகிறது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சில அரசாங்கத்தோடு சேர்ந்தன. சுகாதார வைத்திய அதிகாரியும் அவருடைய குடும்பநல உத்தியோகத்தர்களும் படிப்படியாகத் தோட்டங்களுக்குள் வரத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில், பழைய அப்போத்திக்கரிமாரின் வழித்தோன்றலாகிய உதவி வைத்தியர் பயிற்சி 1990களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. முன்னர் பயின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெறுகின்றனர். அவர்களுடைய நாற்காலியில் உட்கார, அதே பயிற்சியும் அதே பதிவும் பெற்ற இளையவர் வருவதில்லை. சில தோட்டங்களில் ஓய்வு பெற்ற முதியவரே மீண்டும் அழைக்கப்படுகிறார். சில தோட்டங்களில் அனுபவத்தை மட்டும் துணையாகக் கொண்டவர் சமாளிக்கிறார். அனுபவம் பெரிய ஆசான் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் அந்த ஆசான் தரும் நற்சாட்சிப் பத்திரத்தை அடுத்த ஊரில் யாரும் ஏற்பதில்லை.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஒரு தோட்டத்தை மட்டும் நம்பிய உத்தியோகம் அந்தத் தோட்டத்தோடு வாழ்ந்து அந்தத் தோட்டத்தோடு முடிகிறது. வீடு தோட்டத்தின் வீடு. பெயர் தோட்டம் கொடுத்த பெயர். தோட்டம் துண்டு போடப்பட்டாலோ, மருந்துச்சாலை மூடப்பட்டாலோ, இருபது வருடம் உழைத்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது சேமலாப நிதியைத் தவிர அவரோடு போவது என்ன? சட்டப்படி பதிவு பெற்ற தகுதியும், அவரை அறிந்து மதிக்கும் தொழில் தோழர்களுந்தாம் அவரோடு போகக்கூடியவை. இவ்விரண்டும் இருந்தால் எந்த ஊரும் அவருக்கு ஊராகும்.

கடல் கடந்த செய்தி

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு புதுமைகள் நிகழ்ந்தன. கொலறாடோ சர்வகலாசாலையில் லொரற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் சேர்ந்து, குழந்தைகளைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை கூறவல்ல தாதியரைப் பயிற்றத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் டியூக் சர்வகலாசாலையில் டாக்டர் யூஜீன் ஸ்டெட், கடற்படையில் வைத்தியப் பணி பார்த்த நால்வரை அழைத்து, டாக்டருக்குத் துணை நிற்கும் உதவியாளர் பயிற்சியை ஆரம்பித்தார். உலகமே வியந்த இந்தப் புதுமை இலங்கைக்குப் புதிதன்று. டாக்டருக்குக் கீழேயும் தாதிக்கு மேலேயும் நின்று நோய் பார்க்கும் ஒருவரை நம் நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டது.

பின் வேறுபாடு எதில்? அமெரிக்க உதவியாளர்கள் 1968ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, வருடந்தோறும் மகாநாடு, சஞ்சிகை, வேலை செய்துகொண்டே புதியன கற்க வேண்டும் என்ற நியதி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் ஊரில் ஒருவர் கற்றதை மற்ற ஊர்களில் உள்ளவர்களும் கற்றார்கள். சென்னையிலும் 1992ஆம் ஆண்டில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியனின் முயற்சியால் வைத்திய உதவியாளர் படிப்பு ஆரம்பமாகி, இதய சத்திரசிகிச்சைக் கூடங்களுக்குப் பயிற்சி பெற்ற கைகள் கிடைத்தன. 2021ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் டாக்டர் அல்லாத சுகாதாரத் தொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றி, இவர்களையும் அதில் சேர்த்தது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு விவாதமும் நமக்குப் பாடமாகும். தம்மைப் பரிசோதித்தவர் டாக்டரா அல்லரா என்று தெரியாமல் நோயாளர் குழம்புகிறார்கள் என்ற முறைப்பாடு அங்கே எழுந்தது. பேராசிரியை ஜிலியன் லெங் நடத்திய ஆய்வு 2025ஆம் ஆண்டு ஜூலையில் வெளியாயிற்று. 'உதவியாளர்' என்ற சொல் அவர்களுடைய பதவிப் பெயரிலே தெளிவாக இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 'டாக்டர் ஐயா' என்று அன்போடு அழைக்கும் நம் தோட்டங்களும் இதைச் சிந்திக்க வேண்டும். மக்கள் மரியாதைக்காக எப்படியும் அழைக்கட்டும். ஆனால் தாம் யார், தம்மால் இயன்றது எது, இயலாதது எது என்பதை மருந்துச்சாலைக்காரர் தாமே அறிந்து, நோயாளிக்கும் சொல்லிவிட வேண்டும். தன் எல்லையை அறிந்தவரிடந்தான் உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.

தொடர்பு வேறு, சிபாரிசு வேறு

'தொழில் தொடர்பு' என்றதும் நம்மவர் மனத்தில் சிபாரிசுக் கடிதந்தான் தோன்றுகிறது. இன்னாரைத் தெரியும், அவர் மந்திரிக்கு வேண்டியவர், ஒரு வார்த்தை சொன்னால் உத்தியோகம் நிச்சயம் என்று அலைந்து காலணி தேய்ந்தவர்கள் அநேகர். நாம் சொல்லும் தொடர்பு அதுவன்று. சிபாரிசு ஒருவரிடமிருந்து ஒன்றைப் பெறுவதோடு முடிகிறது. தொழில் தோழமையிலே கொடுப்பதும் கொள்வதும் ஓயாது நடக்கின்றன. அவற்றால் பயன் அடைபவர் நோயாளி.

ஓர் உதாரணம் கூறுவோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தோட்டங்கள். நடுவே ஒரு வயல்வெளி, ஓர் ஓடை என்று வைத்துக்கொள்வோம். மேல் தோட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல். கீழ்த் தோட்டத்தில் இருவருக்குக் காய்ச்சல். இரண்டு மருந்துச்சாலைக்காரரும் பேசிக்கொள்வதில்லை என்றால், ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது மழைக்காலத்துக் காய்ச்சலாகவே தென்படும். மாலையில் ஒரு முறை தொலைபேசியில் பேசியிருந்தால், மூவரும் அதே ஓடையில் இறங்கியவர்கள் என்பது வெளிப்பட்டிருக்கும். உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்திருக்கலாம். நோயாளரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். ஓடைப் பக்கம் போகும் மற்றவர்களுக்குத் தடுப்பு மருந்தும் கிடைத்திருக்கும். எலிக்காய்ச்சல் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. ஆனால் சந்தேகம் வந்தால்தானே அறிவிப்பு வரும்? அந்தச் சந்தேகத்தைப் பல வேளைகளில் பக்கத்துத் தோட்டத்துத் தோழரின் பேச்சுத்தான் எழுப்புகிறது.

மண்சரிவுக் காலத்திலும் இதே நிலைமைதான். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மலை சரிந்து குடும்பங்களை மூடியது. அத்தகைய நாளில் பாதை அறுந்துபோகும். எந்தத் தோட்டத்தில் தூக்குக் கட்டில் இருக்கிறது, எந்த மருத்துவிச்சி அருகில் இருக்கிறாள், எந்த நிறைமாதக் கர்ப்பிணியை எந்த வழியாக இறக்குவது என்பதை முன்பே அறிந்து வைத்திருப்பவர்கள் சில மணி நேரத்தை மிச்சப்படுத்துவார்கள்.

ஆகவே மருந்துச்சாலைகளிலும் வார்டுகளிலும் பணிபுரியும் இளையவர்களுக்குச் சில யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவது, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது வெறுந்துண்டு எழுதி அனுப்பாதீர்கள். காய்ச்சல் எத்தனை நாள், எந்த மருந்து எந்த நேரத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த மருந்து ஒவ்வாது, சிறுநீர் எப்படி, கர்ப்பிணியானால் எத்தனை மாதம் என்பவற்றைத் தெளிவான எழுத்தில் எழுதுங்கள். கரவனெல்லையிலோ, பலாங்கொடையிலோ, இரத்தினபுரியிலோ, கேகாலையிலோ உள்ள வார்டு டாக்டர் உங்களைப் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தைத்தான் பார்க்கிறார். நல்ல கடிதங்கள் பத்து எழுதியவரின் பதினோராவது நோயாளிக்குத் தனிக் கவனம் கிடைக்கும்.

இரண்டாவது, நோயாளி திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி கொடுத்த நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாம் நினைத்தது எது, அவர்கள் கண்டது எது என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காத வாத்தியார் அந்தக் கொப்பி.

மூன்றாவது, சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் நடக்கும் கூட்டங்களுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் செல்லுங்கள். வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள். அங்கே குடும்பநல உத்தியோகத்தர்களையும் பரிசோதகர்களையும் அறிமுகம் செய்துகொள்ளலாம். அவர்களுள் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்களாக இருப்பர். சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைக்குச் சிங்களம் அயல்மொழியன்று. கிராமத்துக் கடையிலும் பஸ்ஸிலும் கற்ற மொழி. அதைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, தோட்ட உத்தியோகத்தர்களுக்கு இலங்கைத் தோட்ட சேவையாளர் சங்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தாதியருக்கும் மருத்துவிச்சியருக்கும் சங்கங்கள் உண்டு. சந்தாவைக் கட்டிவிட்டுச் சம்பள உயர்வுக்கு மட்டும் காத்திராமல், அங்கே கல்விக் கூட்டங்களையும் கேளுங்கள். கைத்தொலைபேசியில் குழு அமைத்துப் பேசுவதும் நன்றே. ஆனால் நோயாளியின் பெயரையும் படத்தையும் அதில் இடுவது முறையன்று. லயத்தில் ஒரு காம்பராவில் பேசியது மறு காம்பராவில் கேட்கும். அங்கே ஓர் இளம்பெண்ணின் நோய் இரகசியம் வெளியானால் அவள் மறுமுறை மருந்துக்கு வரமாட்டாள்.

மாணவ மாணவியருக்கு

நம் தோட்டங்களிலிருந்து தாதியரும் மருத்துவிச்சியரும் குறைவாகவே தோன்றியதன் காரணம் திறமைக் குறைவன்று. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகக் கதவு அடைபட்டிருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே அந்தக் கதை முடிவுற்றது. தோட்டப் பாடசாலைகளும் நெடுங்காலம் சில வகுப்புகளோடு நின்றுவிட்டன. ஆகையால் தாதி உத்தியோகத்தில் பாட்டிக்கோ தாய்க்கோ அனுபவம் இல்லாத வீடுகளிலிருந்தே இன்றைய மாணவிகள் புறப்படுகிறார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாமல் திகைப்பவர்கள் இவர்களே.

பாதைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்று வருடம். பயிற்சிக் காலத்திலே மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைக் கற்றுச் சித்தியடைந்தவர்களுக்கு இவ்வழி பொருந்தும். பயின்று வந்தவர் வார்டுப் பொறுப்பாளராகவும், மேற்பார்வையாளராகவும், மேற்பயிற்சி பெற்றுத் தாதியர் கல்லூரி ஆசிரியராகவும், பொதுச் சுகாதாரத் தாதியாகவும் உயரலாம். பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் தாதியியலில் பட்டப்படிப்பு உண்டு. உத்தியோகத்தில் இருந்தபடியே பட்டம் பெற விரும்பும் தாதியருக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டில் வழி திறந்தது.

குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி பதினெட்டு மாதம். 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதல் சுகாதாரப் பகுதி தொடங்கிய நாள் முதல் இலங்கையின் தாய் சேய் நலத்துக்குத் தூணாக நிற்பவர்கள் இவர்கள். நாட்டில் பிரசவ மரணம் இவ்வளவு குறைந்ததற்கு இவர்களின் கால்நடையும் சைக்கிளும் முக்கிய காரணங்கள். தோட்டத்துத் தாயின் பேச்சைத் தாய்மொழியில் கேட்டு, பகுதிக் கூட்டத்தில் அதைச் சிங்களத்தில் எடுத்துரைக்கவல்ல ஒரு பெண் இப்பதவிக்கு எவ்வளவு ஏற்றவள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மருந்தாளர், ஆய்வுகூட உத்தியோகத்தர், இயன்மருத்துவர் ஆகிய துறைகளும் உண்டு. அமெரிக்காவில் உள்ளதுபோல் தனித்துச் சிகிச்சை கூறும் தாதிப் பதவி நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. அது வரும் நாளில் அதற்கு முதலில் தகுதி பெறுபவர்கள் இன்று முறையாகப் பயின்றவர்களாகவே இருப்பர்.

விண்ணப்ப அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும். வயதும் பாடங்களும் பற்றிய நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், சென்ற வருடத்து அக்காள் சொன்னதை நம்பாமல் இந்த வருடத்து வர்த்தமானியைப் படிக்க வேண்டும். தோட்டத்துக்கு வர்த்தமானி வராது. பாடசாலை அதிபரும், வாசிகசாலையும், கோயிற் சபையும் அதைச் சுவரில் ஒட்டினால் புண்ணியம் உண்டு.

எச்சரிக்கை ஒன்றும் கூற வேண்டும். ஆறு மாதத்தில் தாதியாக்குவோம், வெளிநாட்டுக்கு அனுப்புவோம் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வோர் பட்டணங்களில் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், அந்தப் படிப்பு இலங்கைத் தாதியர் சபையின் பதிவுக்கு இட்டுச் செல்லுமா, மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்திலே கேட்டு விடை பெறுங்கள். பராமரிப்பாளர் பயிற்சி நல்ல பயிற்சியே. முதியோரைப் பேணும் தொழில் மேலான தொழிலே. ஆனால் அதைத் தாதிப் படிப்பு என்று சொல்லி விற்பது மோசடி. மருத்துவிச்சியும் உதவி வைத்தியரும் மருந்தாளரும் இலங்கை மருத்துவ சபையிலே பதியப்படுகிறார்கள். பதிவில்லாத கையில் ஊசி இருப்பது நோயாளிக்கு ஆபத்து, பிடித்தவருக்கும் ஆபத்து.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெண்பிள்ளையை இரவு வேலைக்கு எப்படி அனுப்புவது, தூரத்து விடுதியில் எப்படி விடுவது என்ற கவலை நியாயமானதே. அதற்கு மருந்தும் தொழில் தோழமையே. அதே பாடசாலையில் படித்து முன்னே சென்ற ஒரு தாதி, பின்னே வரும் ஒரு மாணவியின் கையைப் பிடித்து விடுதி வாசல்வரை கொண்டு சேர்த்தால் பாதி அச்சம் தீரும். இத்தொழிலில் இருப்பவர்கள் விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது, ஒரு மாலையைப் பாடசாலைக்கு ஒதுக்கி, தாம் எப்படி விண்ணப்பித்தோம், எந்தக் கேள்வி கேட்டார்கள், முதல் மாதத்தில் என்ன கஷ்டப்பட்டோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மண்டபமும் வேண்டியதில்லை. பிள்ளை மடுவத்துத் திண்ணையே போதும்.

வார்டிலே ஒரு தோட்டத்துக் கிழவி, தன் வலி எங்கே என்று தமிழில் சொல்லி, கேட்பவர் முகத்தில் விளங்காமையைக் கண்டு வாய் மூடிக்கொள்ளும் காட்சி சப்ரகமுவ ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதன்று. "எங்கே அம்மா நோகுது?" என்று ஒரு மிஸ்ஸி அருகே வந்து கேட்டால் அந்தக் கிழவி மீண்டும் பேசுவாள். அந்த மிஸ்ஸி எட்டியாந்தோட்டையிலோ காவத்தையிலோ உள்ள ஒரு லயத்தில் இன்று உயர்தரப் பாடம் படித்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு வர்த்தமானியை எடுத்துக் கொடுப்பவர் யார் என்பதே இப்போதைய கேள்வி.